நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

ஐம்பத்திரண்டு வயதில், பட்டம் இழுத்துப்போகும் மூன்று சக்கர வண்டியில் ஏறிய முட்டாள் நான். சிதம்பரத்தில் கடையை மூடியதிலிருந்து வீட்டில் என்னை எதற்கும் நம்புவதில்லை. மனைவி எதிரில் ஒருமுறையாவது ஜெயிக்கத்தான், மச்சான் வாங்கிவந்த அந்த வண்டியில் கடலூர் கடற்கரையில் உட்கார்ந்தேன். புது வண்டியாயிற்றே என்று சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தேன்.

பட்டம் எழும்பியது.

"மாமா, மேல்காத்து ஜாஸ்தி! கயித்த வுட்டுருங்க!" என்று மச்சான் கத்தினான்.

விடவில்லை. கடையையும் இப்படித்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன். பட்டம் என்னை மட்டும் மணலில் தரதரவென்று இழுத்துப்போய் அலையில் போட்டது. வண்டி அசையவே இல்லை.

சிராய்ப்புகளோடு திரும்பி வந்தேன். மனைவி குனிந்து பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட நசுங்கல. நாளைக்கு சாதம் கெளறிக்கலாம்."