பலகை விழிக்கும் நொடிகள்

‘பலகை மாற்றப்பட்டது. மெமரி கார்டு பழையது. ஓட்டிப் பார்த்ததில் சரி. வெள்ளி, பகல் ஒன்று இருபது.’ பட்டறைப் பணிப்பதிவேட்டில் உள்ள இந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. நேரம் குறிக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பதால் உடன் வேலை பார்த்த பாய் என்னைக் ‘காலண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்தப் பட்டறையில், ஆற்றோரத் தோட்டங்களின் மோட்டார்களைச் செல்போன் மூலம் இயக்கும் பெட்டிகளைச் செய்தோம். பெட்டிக்குள் உள்ளங்கையளவு பலகைக் கணினி ஒன்று இருக்கும். அதன் ‘பின்’ எனப்படும் உலோகக் கால்களில் ஒன்று ரிலே சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடும். மின்சாரம் போய்த் திரும்பும்போதுதான் சிக்கல். எங்கள் நிரல் எழுந்து பொறுப்பேற்கும்வரை அந்தப் பின்னில், பலகையின் பிறவிக் குணப்படி, மின்னழுத்தம் உயர்ந்தே நிற்கும். சில நொடிகள் மோட்டார் தானாகச் சுற்றும். அதைத் தடுக்கப் பாய் சொந்தமாக ஒரு டிவைஸ் ட்ரீ கோப்பு எழுதினார். எந்தப் பின் எப்படி இருக்க வேண்டும் என்று பலகை விழிக்கும்போதே சொல்லிவிடும் கோப்பு அது. “முழிச்ச பெறவு புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லவே. கண்ணத் தொறக்கதுக்குள்ள கையைக் கட்டிப் போடணும்” என்பார். பலகையின் ஒவ்வொரு மாடலுக்கும் கோப்பில் தனிப் பகுதி வேண்டும். “மாடல் மாறுச்சுன்னா எங்கிட்டச் சொல்லிரும்வே. நான் எழுதலேன்னா அது நம்ம பேச்சைக் கேக்காது” என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

சேரன்மகாதேவிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோடை இடியில் பலகை கருகியது. பழைய மாடல் கிடைக்கவில்லை. “வாழை தண்ணியில்லாம தலை சாஞ்சு கெடக்கு தம்பி, இன்னைக்கே மாட்டித் தாங்க” என்று தோட்டத்து அண்ணாச்சி வந்து நின்றார். பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். அரைமணி நேரம் காத்திருக்கலாம். பழைய மாடலுக்கான கோப்பு மட்டுமே இருந்த பழைய கார்டை நான் புது மாடலில் செருகினேன். நிரல் எழுந்த பிறகு ரிலேயைத் தட்டிப் பார்த்தேன். விழிக்கும் நொடிகளைப் பார்க்கவில்லை. “கரண்டு வந்தாலும் நீங்க போன்ல சொல்லாம ஓடாது அண்ணாச்சி” என்று வாக்கும் கொடுத்தேன்.

அவர் அதை நம்பினார். மூன்றாம் நாள் மின்சாரம் இல்லாதபோது, மெயினை அணைக்காமல், மோட்டார் பெல்ட்டில் சுற்றிய வாழைநாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பாய் சொன்னார்: “கோப்பு என்னோடது மொதலாளி. புது மாடலுக்கு எழுதாம விட்டது நாந்தான்.” திறக்கவிருந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அன்றோடு அவர் வேலையை விட்டு நின்றார். வாசலில் செருப்பை மாட்டியபடி, “இதுக்கும் நேரம் போட்டு வச்சுக்கிடும்வே, காலண்டர்” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போது அந்தக் கோப்புகளை நான்தான் எழுதுகிறேன். புது மாடல்கள் வந்துகொண்டே இருக்கின்றன, சலிப்பாக இருக்கிறது. அண்ணாச்சி இடது கையால் போனைத் தட்டுகிறார். சர்வீஸுக்குப் போனால் எனக்கு இளநீர் வெட்டச் சொல்கிறார். பாய் மேலப்பாளையத்தில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அந்த வழியாகத்தான் போய்வருகிறேன்.

முதலாளியிடம் பேசும் முன்பே பாய் அந்தப் பதிவேட்டைப் படித்து, என் தவறைத் தெரிந்தே தன்மேல் போட்டுக்கொண்டாரா, அல்லது தன் தவறு என்றே நம்பினாரா? அதற்குப் பிறகு இந்த ஒன்றை மட்டும் நான் சரிபார்க்கவில்லை. சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். நான் இன்னும் கேட்கவில்லை.