அக்கா கூட்டிப்போன ஏரி

லோசான் நகரில் இருக்கும் ஒருவனை நான் விரும்புவதை இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். அது என் அக்கா. அவன் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். அம்மாவோ வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "அம்மாவோட நான் கதைக்கிறன். நீ வாயைத் திறக்காத," என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாள். நானும் நம்பினேன், மடைச்சி.

ஒரு நாள், மலைக்கு மேலே ஏரிக்கு நடந்து போவோம், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியில் கதைப்போம் என்றாள். கேபிள் கார் இருக்க, இரண்டரை மணி நேர ஏற்றம். வழி காட்டச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கல்லைக் காணும் இடமெல்லாம் மூச்சு வாங்க நின்றேன். அவனைப் பற்றி நான் கதைக்கக் கதைக்க, "ம்... ம்..." என்று மட்டும் சொன்னாள். கடைசி வளைவில் பையிலிருந்து சீப்பும் லிப்ஸ்டிக்கும் எடுத்து நீட்டினாள்.

"ஆருக்கு இது? மாட்டுக்கோ?" என்று சிரித்தேன். பக்கத்தில் மாடுகள் மட்டும்தான் நின்றன.

"பூசடி. படம் எடுக்க வேணும்."

ஏரிக்கரை வாங்கில் அமர்ந்திருந்தார் ஒரு அன்ரி, பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டுடன். பக்கத்தில் அங்கிளும், பளபளக்கும் சப்பாத்துப் போட்ட மகனும். கேபிள் காரில் வந்திருக்கிறார்கள். "அட, நீங்களும் இஞ்சையோ?" என்று அக்கா வியந்த வியப்பைப் பார்க்க வேண்டும்! கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பெண் பார்ப்பது எங்கள் சனத்தின் வழக்கம். இவள் அதை மலைக்கு ஏற்றிவிட்டாள்.

அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த லோசான் பெடியன்ர கதை முடிஞ்சுதெண்டு அக்கா சொன்னவ, பிள்ளை. நாங்கள் அதை மனசில வைக்கேல்லை. அம்மாவும் இப்பதான் நிம்மதியா இருக்கிறாவாம்."

அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறாள், முடிந்துவிட்டதாக. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"அது முடியேல்லை, அன்ரி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். "உன்ர நன்மைக்குத்தான் செய்தனான்."

"அப்ப ஏன் என்னட்டப் பொய் சொன்னனீ?"

 அக்கா றோல்ஸ் பலகாரப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். நான் தனியாக, அழுதபடி இறங்கினேன்.

அம்மாவிடம் நானே சொன்னேன். ஒரு வருடம் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, பிறகு கல்யாணத்துக்கு ஓம் என்றார். இப்போது அவனோடு லோசானில் இருக்கிறேன். அக்கா என் மகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு வருவாள். தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன், ஊர்க்கதை எல்லாம் கதைப்போம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கி நாலு மாதம் ஆகிறது. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.