ட்ரீமா கோகரின் ஊதா வளையம்

ட்ரீமா கோகர் வெடிமருந்தில் மிச்சம் பிடிக்கிறாள் என்று மட்லிக் ஃபோர்க் ஊர் முழுக்கப் பேச்சு. அவள் வீட்டில் கட்டுகிற தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதானாம். வெளியே போகலாமா வேண்டாமா என்று குண்டு உள்ளேயே உட்கார்ந்து யோசிக்குமாம். தீவனக் கடையில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ட்ரீமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் கோழித்தீவன மூட்டையில் அச்சடித்திருப்பதை வாசிக்கத் திடீர் ஆசை வந்துவிட்டது.

"என்ன வனெட்டா, நான் வந்ததும் கடைக்கே தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் ட்ரீமா, கல்லாவில் இருந்தவளிடம்.

"ஒண்ணுமில்லடி. மழை வருமான்னு பேசிக்கிட்டிருந்தோம்."

"மழை 'டிக்'குனா வரும்?"

வனெட்டா, இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டியான பெப்பரோனி ரோல் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். யாரும் கேட்காத ரோல் அது. "என் மேல பாயாத. உன் கொழுந்தன்தான் சொன்னான்."

கொழுந்தன் டென்சில், ட்ரீமாவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. வருகிற சனிக்கிழமை துப்பாக்கி கிளப்பில் கார்பைன் எனும் பழைய பட்டாளத்துக் குட்டைத் துப்பாக்கிகளுக்கான ஜோடிப் போட்டி. ட்ரீமாவும் டென்சிலும் வருஷா வருஷம் ஒரு ஜோடி, இருவர் துப்பாக்கிக்கும் தீனி ட்ரீமாவின் கைத்தோட்டா. போன பயிற்சியில் இரண்டு துப்பாக்கியும் மாறி மாறி ஊமையானதில் கிளப் தலைவருக்கு எரிச்சல். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டுத் தோட்டாவுக்கு நம் சுடும் கோட்டில் இடமில்லை, ட்ரீமா பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டலாம் என்று சொல்லிவிட்டார். கடையில் தோட்டா வாங்கிச் சுடலாமே என்று கேட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். முன்பின் தெரியாத ஆள் சமைத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்கிறாயா என்பாள்.

ட்ரீமா பாதி ஆயுளைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் கழித்தவள். பஸ்ஸில் எதிரே இருந்த சாலையை அவள் பார்த்ததைவிடத் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். பின்னால் எவன் எவள் சடையை இழுக்கிறான், எவள் ஜன்னலில் சூயிங்கம் ஒட்டுகிறாள் என்று கவனித்துக் கவனித்து, வேலையை விட்ட பிறகும் அந்தக் கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சர்ச் விருந்துக்குக் கொண்டுபோகும் பீங்கான் தட்டின் அடியில் பெயர் எழுதி ஒட்டுவது அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். ட்ரீமா மூடியின் உள்பக்கமும் ஒட்டுவாள்.

இந்தக் குணத்துக்குத் தோட்டா கட்டுவதைப்போல வாகான தொழில் வேறில்லை. கார் ஷெட்டில் அவளுடைய மேஜை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, பழைய அளவுக்கு நெருக்கி, நீண்டுபோன வாயைக் கத்தரித்து, அடியில், அடித்தால் பொறி பறக்கிற புதுப் பொட்டு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்துவாள். குண்டை அழுத்துமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். தராசு பொய் சொல்கிறதோ என்று நடுநடுவே தராசையும் சோதிப்பாள். கடைசியில் ஒவ்வொன்றையும் அளவுக்கட்டையில் போட்டுப் பார்ப்பாள். துப்பாக்கிக் குழாயில் தோட்டா உட்காரும் பின்வாயைப் போலவே துளை போட்ட இரும்புத் துண்டு அது. தோட்டா அதில் 'க்ளக்' என்று முழுக இறங்கினால் துப்பாக்கியிலும் இறங்கும். இத்தனையும் செய்கிற பெண்ணின் தோட்டா எப்படி ஊமையாகும்?

யாரோ கைவைத்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

முதலில் டென்சில் வீட்டுக்குப் போனாள். அவன் டிரக்குக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே நீட்டியிருந்த பூட்ஸை ஒரு தட்டு தட்டினாள்.

"ஏன்டா, நான் மருந்துல மிச்சம் பிடிக்கிறேன்னு கடையில சொன்னியா?"

"ஐயோ அண்ணி! 'டிக்'குனு சத்தம் வந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். மருந்து, மிச்சமெல்லாம் அவங்களாப் போட்ட மசாலா."

"சனிக்கிழமை யாரோட சுடப்போற?"

டிரக்குக்கு அடியில் ஸ்பானர் ஒன்று நழுவி விழுந்தது. "ஹோபர்ட் கேட்டாரு. அவர்கிட்ட கடைத் தோட்டாவும் இருக்காம். நான் இன்னும் சரின்னு சொல்லல அண்ணி. உங்க தோட்டா வெடிச்சா நான் உங்க ஜோடிதான்."

ஹோபர்ட்! ட்ரீமாவின் நெற்றிக் கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஹோபர்ட் ஸ்கிட்மோர் அடுத்த வீட்டுக்காரன், பாரவண்டி ஓட்டி ஓய்ந்தவன், கிளப்பிலும் அவளுக்கு வலப்பக்கத்து இடத்தில் நிற்பவன். கார்பைன் சுட்ட கூட்டை வலப்பக்கமாக விட்டெறியும், அதுவும் வஞ்சனையில்லாமல் எறியும். இந்தக் கோடையில் அவள் கூடுகள் புல்லில் தேடத் தேடக் குறைந்துகொண்டே வந்தன. அடையாளத்துக்கு அடிப்பக்கம் பேனாவால் கோடு போடுவது கிளப் வழக்கம். பேனாக் கோட்டைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால்தான் போன மாதம் பளபளக்கும் ஊதா நகப்பூச்சு வாங்கி, கட்டி முடித்த ஒவ்வொரு தோட்டாவின் வயிற்றைச் சுற்றியும் இரண்டு பூச்சு வளையம் போட்டாள். இனி எவனும் என் கூட்டைத் தன் கூடு என்று சொல்ல முடியாது. திருட வழியில்லாமல் போனதும் ஹோபர்ட் கெடுக்கத் தொடங்கியிருக்கிறான்!

சாட்சியும் இருந்தது. அவளுடைய கத்தரிப்பு எந்திரத்தை அவன் இரவல் வாங்கிப்போய், ஒரு ஜாடி ஆப்பிள் பட்டரோடு திருப்பித் தந்திருந்தான். பெயரில் மட்டும் வெண்ணெய் உள்ள, கொப்பரையில் கிண்டிய அந்தப் பழக்களியை இதுவரை அவளுக்கு யாரும் சும்மா தந்ததில்லை. எந்திரத்தின் திருகைத் திருப்பிவைத்துவிட்டு வாயை இனிப்பால் அடைத்திருக்கிறான். அன்று ஜாடியின் முதல் கரண்டியை நாய்க்குத்தான் கொடுத்தாள். நாய் இரண்டாவது கரண்டிக்கு வாலாட்டிய பிறகே ரொட்டியில் தடவினாள்.

எந்திரம் ஒரு கையிலும் ஊதா வளையத் தோட்டாப் பெட்டி மறு கையிலுமாக அவன் வீட்டுக்குப் போனாள். ஹோபர்ட் பின்கட்டில் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தான்.

"வா வா ட்ரீமா. என்ன, சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கே?"

"இந்தத் திருகை நீ தொட்டியா இல்லையா?"

"தொடாம எப்படிக் கத்தரிக்கிறது? தொட்டேன். அப்புறம் உன் அளவுக்கே வச்சுத்தான் குடுத்தேன்."

"அப்ப என் தோட்டா ஏன் வெடிக்க மாட்டேங்குது?"

"என்னைக் கேட்டா? அந்தத் தோட்டாவைக் குடு, அதையே கேப்போம்."

அவன் உள்ளே போய்த் தன் அளவுக்கட்டையைக் கொண்டுவந்தான். தன் தோட்டா ஒன்றைப் போட்டான். 'க்ளக்'. முழுகிவிட்டது. ட்ரீமாவின் தோட்டாவைப் போட்டான். பாதி வழியில் நின்றுகொண்டது, இறுக்கமான சட்டையில் தலை மாட்டிக்கொண்ட மாதிரி. கட்டைவிரலால் அழுத்தினான். இன்னும் கொஞ்சம் இறங்கி, அடிப்பக்கத்தை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே இழுத்தபோது துளை விளிம்பில் ஊதாச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது.

இருவரும் அந்தச் சுருளைப் பார்த்தார்கள்.

"கட்டையில போட்டுப் பாக்கலியா?" என்றான் ஹோபர்ட்.

"எல்லாத்தையும் பாத்தேன்." அவள் குரல் இறங்கியது. "பாத்துட்டு அப்புறம்தான் பூசினேன்."

மற்றதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டா முழுகாவிட்டால் கார்பைனின் பின்கதவான போல்ட்டு முழுதாக மூடாது. உள்ளேயிருக்கிற சுத்தியலுக்கு இருப்பது ஒரே அடி. அந்த அடி போல்ட்டை மூடவே செலவாகிப்போனால் பொட்டை அடிக்க என்ன மிச்சம்? ஊர் சொன்ன 'மிச்சம்' ஒரு வகையில் சரிதான், ஆனால் குறைந்தது மருந்து இல்லை, சுத்தியலின் அடி.

"கிளப்புல யாரும் வயித்துல பூச மாட்டாங்களே ட்ரீமா. எதுக்கு?"

"அழகுக்கு," என்றாள்.

ஹோபர்ட் பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு காப்பி டின்னை எடுத்துக் கொடுத்தான். உள்ளே பித்தளைக் கூடுகள், அடியெல்லாம் அவளுடைய பேனாக் கோடு. "என் தொப்பி விளிம்புல பாதி, தள்ளுவண்டிப் பெட்டியில பாதி. உன் கார்பைன் எம்மேல கல்லெறியிற மாதிரியில்ல எறியுது."

"இத்தனை நாளா ஏன் குடுக்கல?"

"பக்கத்துல வந்தாலே திருடனைப் பாக்கிற மாதிரி பாத்தே. டின்னோட வந்தா என்ன ஆகியிருக்கும்?"

ட்ரீமா டின்னை ஒரு குலுக்கு குலுக்கிப் பார்த்தாள். டின் ஏன் நிறையவில்லை என்று ஒரு கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. அன்றைக்கு அதைக் கேட்காமல் விழுங்கியது அவள் வாழ்க்கையிலேயே பெரிய விட்டுக்கொடுப்பு.

அந்த டின் கூடுகளிலேயே புதிதாகக் கட்டினாள். அடியில் பேனாக் கோடு, வயிற்றில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை டென்சில் அவள் பக்கத்தில் நின்றான். முதல் தோட்டாவுக்கு மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறந்து சுடுடா. செத்துப்போன உங்கண்ணன் பாத்தா சிரிப்பான்."

ஒன்றுகூட ஊமையாகவில்லை. மூன்றாவதாக வந்தார்கள், கிளப் தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கைகொடுத்தார். தீவனக் கடையில் அடுத்த வாரமே பேச்சு மாறிவிட்டது. ட்ரீமா மருந்தை அளவுக்கு மேல் அடைக்கிறாளாம், அவள் பக்கத்தில் நின்றால் காது போய்விடுமாம்.

ஜாடி மட்டும் இன்னும் அவள் மேஜையில் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அந்த ஊரில் ஜாடியைக் காலியாகத் திருப்பக்கூடாது, வீட்டில் செய்தது எதையாவது நிரப்பித்தான் தரவேண்டும். ஊறுகாய் போடலாம் என்று நினைத்தாள். ஊறுகாயோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும், அந்த வார்த்தைதான் இன்னும் பதமாகவில்லை. போதாததற்கு, முதல் கரண்டியை அவன் தன் நாய்க்குக் கொடுத்துப் பார்ப்பானோ என்று ஒரு சந்தேகம்.

போட்டிக்குப் பிறகு வந்த பயிற்சியில் ஹோபர்ட் தொப்பியிலிருந்து ஒரு கூட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ட்ரீமா, என் ஜாடி?"

"மூடி கிடைக்கல," என்றாள் ட்ரீமா, கூட்டின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.