உட்கார முடியாதவள் கட்டிய கப்பல்கள்

கப்பல் கட்டும் தொழிலுக்கு முதலில் வேண்டியது கடல் இல்லை, ஒரே நாற்காலியில் அசையாமல் உட்காரத் தெரிந்த உடம்பு. எனக்கு அது கிடையாது. பஸ் வருவதற்குள் நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களே, பால் பொங்குவதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறவர்களே, நான் உங்கள் கட்சி. பெயர் கலா, குடியிருப்பது ஆவடி, வேலை பூந்தமல்லியில் சாதிக் பாயின் பட்டறையில். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களை மரத்தில் சின்னதாகச் செய்து விற்கிறோம். கப்பலின் உடம்பை அவர் செய்வார், கயிறுகளை நான் கட்டுவேன்.

முதல் நாள்

அதற்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தேன். அங்கே கால் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்ததால் என் வியாதி வெளியே தெரியவில்லை. கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நூலில் பழகிய கை என்று தெரிந்தவர் ஒருவர் பாயிடம் சொல்ல, அவர் என் முன்னால் ஒரு கப்பலையும் சின்ன இடுக்கியையும் வைத்தார். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் மாலுமிகள் ஏறுகிற நூலேணி கட்ட வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்து, நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு பொட்டுப் பசை. அது காயும்வரை தொடக் கூடாது.

காயும்வரை என்ன செய்வது? தண்ணீர் குடித்தேன். தெருவை எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து காய்ந்துவிட்டதா என்று தொட்டேன். நூல் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதன் பின்னால் பாய்மரமும் சாய்ந்து வந்தது. சாதிக் பாய் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கப்பல் வெச்ச எடத்துல கம்முனு கீது. நீதாம்மா ஊரெல்லாம் சுத்திகினு கீற!"

கொடிக்கயிறு

தங்கச்சி கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்க ஒருவர் கப்பல் கேட்டிருந்தார். இரண்டு வாரம் கண் எரிய எரிய, முதுகு வலிக்க வலிக்க கட்டி முடித்திருந்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். "எல்லாம் ஷோக்காத்தான் கீது, இவ்ளோ கயிறு இன்னாத்துக்கு? துணி காயப்போடவா?"

காற்று எந்தப் பக்கம்

நெடுஞ்சாலையில் புதிதாக ஓட்டல் கட்டிய முதலாளி ஒருவர் வரவேற்பறைக்குப் பெரிய கப்பல் கேட்டார். கப்பல் வாசலைப் பார்க்கக் கூடாது, வருமானம் வெளியே போய்விடும், உள்ளே பார்க்க வேண்டும் என்றார். திருப்பி வைத்தோம். அடுத்து அவர் கண் கொடியின் மேல் விழுந்தது. கொடி முன்னால் பறக்கிறதே, தப்பாக ஒட்டிவிட்டீர்களா என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாய்மரக் கப்பலைக் காற்றுதான் பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால் கொடியும் முன்னால்தான் பறக்கும் என்று அவர் கைக்குட்டையையே வாங்கிப் பிடித்துக் காட்டினேன். என் காருக்கு முன்னால் கட்டியிருக்கிற கொடி பின்னால்தானே பறக்கிறது என்றார் அவர். காரைத் தள்ளுவது காற்று இல்லை சார் என்றேன். சாதிக் பாய் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்து, பெருந்தன்மையாக ஒரு முடிவு சொன்னார். "அப்டின்னா கொடியத் தொட வேணாம். காத்த மாத்திடுங்க."

மகளிர் பெட்டி

பெரம்பூரில் ஒருவருக்குக் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. பட்டறை வண்டி பழுது. மறுநாளைக்குப் பார்க்கலாம் என்று பாய் சொன்னார். மறுநாள்வரை யார் காத்திருப்பது? கப்பலோடு பஸ்ஸில் ஆவடிக்கு வந்து, காலை மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறிவிட்டேன். அட்டைப்பெட்டிக்குள் அடங்காமல் கப்பலின் மூக்குக் கம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் ஏறிய கூட்டம் என்னைக் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. கப்பலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கை ஓய்ந்துபோனதும் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா ஒரு முனையைத் தாங்கினார். ஒரு கல்லூரிப் பெண் மறுமுனையைத் தாங்கினாள். பெரம்பூர்வரை அப்படியே போனோம்.

இறங்கும்போது மூக்குக் கம்பு ஒரு அம்மாவின் கொண்டையில் சிக்கிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் ரயில் ஊதிவிட்டது. அந்த அம்மா கொண்டையைத் தடவிக்கொண்டே கத்தினார். "கப்பலே வெச்சிகினு கீறியே, அதுல போறதுக்கு இன்னா கேடு?"

கொரட்டூரில் பாதிக் கப்பல்

ஒருநாள் வசந்தா என்று ஒரு அம்மா போன் செய்தார். கொரட்டூரில் ஏரிப் பக்கம் வீடு. கணவர் நடராஜன், ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசைப்பட்டுத் தானே மூன்று பாய்மரம் வைத்த ஒரு கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். உடம்பும் தளமும் பாய்மரங்களும் முடிந்து, கயிறு கட்டும் நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வயசாளிகளுக்கு வருகிற நடுக்க வியாதி. டம்ளரைப் பிடித்தால் பாதி காபி தட்டில். கப்பலை ஒரு வேட்டியால் மூடி வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், மிச்சக் கயிற்றை வந்து கட்டித் தர முடியுமா என்றார் அந்த அம்மா.

போனேன். வேட்டியை நான் எடுத்ததும் அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வணக்கம் சொன்னேன், நாற்காலி இன்னும் கொஞ்சம் திரும்பியது. அப்படியே மூன்று நான்கு தடவை போய்வந்தேன். ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எப்படி வேலை ஓடும்? இரண்டு முடிச்சு போடுவேன், எழுந்திருப்பேன். பால்கனிக்குப் போவேன், ஏரியைப் பார்ப்பேன், சமையலறையில் வசந்தாம்மாவிடம் ஏதாவது கேட்பேன், திரும்பி வருவேன். கடைசியில் நாற்காலி சட்டென்று என் பக்கம் திரும்பியது. அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். "ஏம்மா, எனக்குக் கை மட்டும்தான் ஆடுது. உனக்கு ஆளே ஆடுதே!"

ஒடிந்தது

அன்றைக்கு அவரே சிரித்துவிட்டார். அதன் பிறகு நாற்காலி கப்பல் பக்கமே இருந்தது. இந்தக் கயிறு இங்கே வரக் கூடாது, அந்த முடிச்சு தடிமன் என்று ஒரே அதட்டல். நானும் விடவில்லை. வரைபடத்தை நடுவில் விரித்துப்போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சத்தம் போடுவோம்.

ஒருநாள் நான் பால்கனியிலிருந்து திரும்பும்போது அவர் இடுக்கியைக் கையில் எடுத்திருந்தார். யாரும் இல்லாதபோது ஒரே ஒரு முடிச்சு போட்டுப் பார்க்க ஆசை. கை உதறியது, இடுக்கி நூலில் மாட்டியது, நடுப் பாய்மரத்தின் மேல் துண்டு படக்கென்று ஒடிந்து தொங்கியது. நான் ஓடிவந்தேன். அவர் ஒடிந்த துண்டைப் பார்க்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதைத் தூக்கிக் குப்பையில் போடு, நீயும் நாளையிலிருந்து வராதே என்று கத்தினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வசந்தாம்மா கேட்வரை வந்தார். அழுதபடிதான் பேசினார், ஆனால் அழுகைக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. "இத்தன மாசமா இந்த வீட்ல கையப் பத்தி மட்டும்தான் பேச்சு கலா. நீ வந்தப்புறம்தான் கயித்தப் பத்திச் சண்ட நடந்துது. அந்தச் சண்ட எனக்கு வேணும்."

மறுநாள்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். பட்டறைக்குப் போனால் அங்கும் கை ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சாதிக் பாய் கடைசல் மெஷினில் ஒரு தேக்குக் குச்சியை ஏற்றி, புதுத் துண்டு கடைந்து கொடுத்தார். கொரட்டூருக்கு ரயில் ஏறினேன். வராதே என்றவர் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பெட்டிக்குள் நடந்துகொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவரேதான். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை, கை நடுங்கும் என்று இரண்டு கையையும் ஜிப்பாப் பைகளுக்குள் போட்டிருந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, துண்டின் நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. "கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடி. உப்புத்தாள் கொண்டாந்தியா?"

தளர்ந்த கயிறு

கப்பல் முடிந்தது. அன்றைக்கு வசந்தாம்மா கேசரி செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் போனதும் நடராஜன் சார் போன் செய்தார், முன்பக்கக் கயிறு தளர்ந்துவிட்டது என்று. மழை ஈரத்தில் நூல் தொய்வது உண்டு. போய் இழுத்துக் கட்டினேன், வரைபடத்தை விரித்து ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பின்பக்கக் கயிறு. அதற்கடுத்த வாரம் நடுவில். மழை நின்று வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகும் கயிறு தளர்ந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. தொய்ந்த நூலென்றால் முடிச்சு இருக்க வேண்டும். இங்கே முடிச்சே இல்லை. பசையைச் சுரண்டி எடுத்து, நுனியை ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. சமையலறை வாசலில் வசந்தாம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். நான் சாரைப் பார்த்தேன். அவர் ஆடுகிற கையை ஆடவிட்டபடியே, கொஞ்சம்கூட வெட்கப்படாமல் சொன்னார். "கட்டத்தாம்மா முடியல. அவுக்க நல்லாவே வருது."

இந்தத் தொழிலில் கப்பலைக் கட்டி முடித்துவிட்டோம் என்று நாம் சொன்னால் மட்டும் போதாது, வாங்கியவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.