புது வீட்டுக்கு முதலில் வந்த எருமை

அந்தக் கிழமை கிண்ணியாவில் வானத்துக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. ஞாயிறு மழை. திங்கள் வெயில், ஊர் முழுக்க நனைந்த உடுப்பைக் காயப்போட்டது. செவ்வாய் கடலிலிருந்து ஒரு காற்று வந்து, காய்ந்த உடுப்பையும் எங்கள் மாட்டுக்கொட்டில் கூரையையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. அதோடு மின்சாரமும் போனது. பிறகு குளிர். நுவரெலியாவுக்குப் போக வேண்டிய குளிர் வழி தவறி இங்கே வந்துவிட்டது என்றார் வாப்பா. அவர் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உண்மையில் அந்த மாதம் முழுக்கவே எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை மூதூர். அவரோடு இரண்டு தடவை போனில் கதைத்தது உம்மாவுக்குத் தெரியும், மிச்சம் தெரியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். எங்கள் வீட்டு வளவிலேயே வாப்பா கட்டிய வீடு, வெள்ளை டைல் பதித்துப் பளபளவென்று பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால்தான் நாள் குறிப்பார்கள். முன்பு வந்த ஒரு சம்பந்தம், கூரை முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் விட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் என்னால் தாங்கவே ஏலாது.

புதன் காலை, தம்பலகாமப் பக்கம் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்துக் கிடப்பதாகக் கதை வந்தது. எங்கள் எருமை இன்றோ நாளையோ கன்று போட இருந்தது. கூரையில்லாத கொட்டிலில் நின்று நடுங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரம் வந்தால் எனக்கு யோசனை ஓடாது. புது வீட்டைத் திறந்து, நடு ஹோலில் வைக்கோலைப் பரப்பி, எருமையை உள்ளே ஓட்டினேன்.

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வியாழன் கன்று போட்டால் அன்றே கழுவிவிடலாம், வெள்ளிக்கு வீடு சுத்தம் என்று நான் கணக்குச் சொன்னேன். வாப்பா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சரி என்றார்.

சொன்னதுபோலவே வியாழன் விடியக் கன்று பிறந்தது. கூடவே நல்ல வெயிலும் எறித்தது. அங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. மூதூரில் மாப்பிள்ளையின் தாய் அந்த வெயிலைக் கண்டு, நாளைக்கு மழை வந்தாலும் வரும், இன்றைக்கே போவோம் என்று எல்லாரையும் கிளப்பியிருக்கிறார். எங்களுக்குச் சொல்லப் பல தடவை போன் எடுத்திருக்கிறார்கள். எங்கள் போனெல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. அவர்கள் வந்து இறங்குவதற்குள் வெயில் போய், மறுபடியும் அதே குளிர்காற்று.

கதவு திறந்தபோது, கலியாணத்துக்கு வாங்கிய கட்டில் விரிப்பால் கன்றைப் போர்த்தி, அதன் தலையை மடியில் வைத்திருந்தேன். கையெல்லாம் ரத்தம். வெள்ளை டைலில் சாணம். உம்மா அவர்களுக்குப் பின்னால் நின்று, சரியான குளிர், சரியான குளிர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எருமை நிதானமாக அசைபோட்டபடி விருந்தாளிகளைப் பார்த்தது. பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க இன்னும் வந்தது. கலியாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாமி, அதுதான் மாப்பிள்ளையின் தாய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, சமைக்கிற குசினியைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

“கதவச் சாத்துங்க மகள். கண்டுக்குட்டி நடுங்குது.”

அதற்கு முன் அவர் என்னை மகள் என்று கூப்பிட்டதே இல்லை. கன்றை அவர் மடிக்கு மாற்றிவிட்டுப் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். உம்மாவும் வாப்பாவும் மாமாவும் மாப்பிள்ளையும் இன்னும் வெளியே காற்றில் நிற்கிறார்கள் என்பது, மாப்பிள்ளை கதவைத் தட்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.