முசியே வந்து பார்த்த வீடு

அஞ்சலாட்சியின் குரல் முத்தியால்பேட்டையில் நாலு தெருவுக்குக் கேட்கும். காலை எட்டரை மணிக்கு அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு "மீனே..." என்று ஓர் இழுப்பு இழுத்தால் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன் ஏலத்தில் ஆண்பிள்ளைகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நிற்பவள். சங்கரா மீனின் செவுள் வெளுத்திருக்கிறதே என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அவர் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள்.

இப்படிப்பட்டவள், வீட்டு ஓனரிடம் பேசவேண்டும் என்றால் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. வீடு அடுத்தவருடையது என்றால் நாக்கும் அடுத்தவருடையது ஆகிவிடுகிறதோ என்னவோ.

அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். ஒரு கூடம், ஓர் அறை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையற்கட்டு. கணவன் கன்னியப்பன் விசைப்படகில் போனால் கரை திரும்ப ஒரு வாரம் ஆகும். திரும்பினாலும் வீட்டைப் பற்றிக் கேட்டால் "பாத்துக்கலாம்" என்பான். அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்ப்பதை அஞ்சலாட்சி விட்டு வருஷக்கணக்காகிறது. ஒரே மகள் வினோதாவை இரண்டு வருஷத்துக்கு முன்பு பக்கத்தில் சாரம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் ராமதாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாரிசுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்து மூன்று வாரம் ஊருக்கு வந்துபோவார். மற்ற நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய சித்தப்பா மகன் செல்வகுமார். பார்த்துக்கொள்வது என்றால், நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான்.

அறையின் மேல்தளம் கெட ஆரம்பித்தது முந்தின புயல் மழையில். முதலில் தோசைக்கல் அளவுக்கு ஓர் ஈரத் திட்டு. அப்புறம் சுண்ணாம்பு உரிந்தது. அப்புறம் சிமென்ட் பெயர்ந்து விழ ஆரம்பித்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. மழை பெய்தால் அறைக்குள் மூன்று குண்டான் வைக்கவேண்டும். செல்வகுமாரிடம் சொன்னபோது வந்து அண்ணாந்து பார்த்தான், செல்போனில் இரண்டு படம் எடுத்தான்.

"முசியேக்கு அனுப்பிட்டேன்கா. அவரு வரட்டும், நேர்ல பாத்தாத்தான் செய்வாரு. அவரு கொணம் அப்பிடி."

அந்த ஜனவரியில் முசியேக்கு முழங்கால் ஆபரேஷன், ஊருக்கே வரவில்லை. அடுத்த மழையில் குண்டான் ஐந்து ஆயிற்று. அஞ்சலாட்சி செல்வகுமாரிடம் மறுபடி சொன்னாள். செல்வகுமார் மறுபடி படம் எடுத்தான். முதலில் கோபம் வந்தது, பிறகு அலுப்பு வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. காலையில் எழுந்ததும் கட்டிலில் விழுந்த சிமென்ட்டைக் கூட்டி அள்ளுவது, வாசல் பெருக்குவது மாதிரி ஒரு வேலை ஆகிவிட்டது. கட்டிலை விட்டுக் கூடத்தில் படுத்தார்கள். அவ்வளவுதான்.

வினோதா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அஞ்சலாட்சிக்கு அந்த அறை மறுபடி கண்ணில் பட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிவந்தால், குழந்தை பிறந்து மூன்றாம் மாசம் வரைக்கும் மகள் அந்த அறையில்தான் இருக்கவேண்டும். வேறு அறை இல்லை. பச்சைக் குழந்தையைச் சிமென்ட் விழுகிற இடத்திலா போடுவது? ஆனால் கூட்டிவராமல் இருந்தால், பெற்றவளுக்கு ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லை என்று சாரத்தில் சொல்லமாட்டார்களா?

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும், இந்த வருஷம் முசியே வருகிறார். புதன்கிழமை வீட்டைப் பார்க்க வருவதாகச் செல்வகுமார் சொன்னான். "நீங்களே வாயத் தொறந்து கேளுங்கக்கா. அவரு ஊர்ல இருக்கறப்பவே மேஸ்திரிய வெச்சி முடிச்சிடலாம்" என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வளைகாப்புக்கு நாள் பேச ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்துபோவதாக வினோதாவின் மாமியார் தில்லையம்மாள் போன் செய்தாள். நாள் பேசுவதற்குப் போனே போதுமே, எதற்கு நேரில் வருகிறாள்? அறையைப் பார்க்கத்தான். அஞ்சலாட்சி இதில் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. தில்லையம்மாள் அதிகம் பேசமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். அப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றையும் கவனித்து வைத்துக்கொள்கிறவர்கள் என்பது அவள் எண்ணம்.

வினோதா கல்யாணத்துக்குத் தெருமுனையில் வைத்த பேனர் பரணில் சுருட்டிக் கிடந்தது. பத்தடிக்கு எட்டடி. நம் ஊரில் கல்யாண பேனர் கல்யாணத்தோடு முடிவதில்லை, விறகு மூடும், வண்டி மூடும், கோழிக்கூண்டுக்குக் கூரையாகும். சனிக்கிழமை மத்தியானம் மீன் விற்றுவந்த கையோடு அஞ்சலாட்சி கட்டிலின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பேனரின் வெள்ளைப் பக்கம் கீழே தெரிகிறபடி அறை முழுக்கத் தளத்துக்கு அடியில் இழுத்துக் கட்டினாள். படகுக் கயிறு, படகு முடிச்சு. ஓர் இடத்தில் தொய்வு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. பேனரில் பொண்ணும் மாப்பிள்ளையும் துருக்கம்பியைப் பார்த்துக் கும்பிட்டபடி மேலே இருந்தார்கள். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தபோது, இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அறை ஓர் அறையைப் போல இருந்தது. சுவருக்கும் ஒரு கை வெள்ளை அடித்தாள். திங்கட்கிழமை அவிழ்த்துவிட்டால் புதன்கிழமை முசியேக்குக் காட்டிக்கொள்ளலாம். கணக்கு சரியாகத்தான் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தில்லையம்மாள் பூவும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு தனியாகத்தான் வந்தாள். காபி குடித்தாள். நாள் பேசினார்கள், தை கடைசி வெள்ளி. அறைக்குள் எட்டிப் பார்த்து அண்ணாந்தாள். "நல்லாக் காத்து வருது" என்று மட்டும் சொன்னாள். அஞ்சலாட்சிக்கு மூச்சு வந்தது. குங்குமம் எடுத்துக்கொண்டு தில்லையம்மாள் பையைக் கையில் எடுத்து எழுந்த நேரம், வாசலில் கார் நின்றது.

செல்வகுமார் முன்னால் வந்தான். "அக்கா, முசியே புதங்கெழம திருவண்ணாமல போறாராம். அதான் இன்னிக்கே வந்துட்டோம்."

பின்னாலேயே ராமதாஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபது வயசு, தொப்பி, செண்ட் வாசனை. அஞ்சலாட்சியின் கை தானாக முந்தானையை இழுத்துப் போர்த்தியது. அவருக்கு நாற்காலி போட்டாள். எழுந்து நின்ற தில்லையம்மாள் கிளம்பவில்லை. கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இருந்து பார்த்துவிட்டே போவது என்று உட்கார்ந்துவிட்டாளே என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சௌகரியமா இருக்கீங்களாம்மா? ஏதோ ரிப்பேர்னு செல்வம் சொல்லிக்கிட்டே இருக்கான்" என்றார் முசியே.

"அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க."

செல்வகுமார் அவளை ஒரு மாதிரி பார்த்தான். முசியே எழுந்து அறைக்குள் போனார். அண்ணாந்தார். கைத்தடியின் நுனியால் வெள்ளை பேனரை மெல்லத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட. எங்க வீட்லயும் இதே மாரிதான், மேல துணிய இழுத்துக் கட்டியிருக்கோம். பிரெஞ்சுல பிளாஃபோன்னுவாங்க. அங்க எல்லார் வீட்லயும் இப்ப இதான். நீங்களே செஞ்சிங்களா?"

"ஆமாங்க."

அப்போது தில்லையம்மாள் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள், சற்று உரக்க, முசியேக்குக் கேட்கிற மாதிரி.

"தளம் எப்பிடி சம்மந்தி? மழைக்கு ஒழுவுதா, கார கீர பேந்து விழுதா?"

அடிப்பாவி, இவர் எதிரிலேயே கேட்டு மானத்தை வாங்குகிறாளே என்றுதான் அஞ்சலாட்சிக்கு அந்த நொடி பட்டது. முசியே திரும்பிப் பார்த்தார். செல்வகுமார் திரும்பிப் பார்த்தான். சொல்லவேண்டிய ஆள் எதிரில் நிற்கிறார், சொல்லவேண்டிய விஷயம் தலைக்கு மேல் தொங்குகிறது. தெருவையே தூக்கி நிறுத்துகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஒரு சொட்டு எறங்காது சம்மந்தி. வீடு கல்லு மாரி" என்றாள்.

தில்லையம்மாள் குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள்.

முசியேக்குப் பரம சந்தோஷம். குடித்தனக்காரர்கள் என்றால் இப்படி இருக்கவேண்டும், வீட்டைத் தன் வீடு மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று செல்வகுமாரிடம் இரண்டு தடவை சொன்னார். பிரான்ஸ் சாக்லேட் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காரேறினார்.

திங்கட்கிழமை அஞ்சலாட்சி பேனரை அவிழ்த்தாள். இரண்டே நாளில் இரண்டு படி சிமென்ட் அதில் சேர்ந்திருந்தது. தளத்தைத் தானே படம் எடுத்து, செல்வகுமார் வீட்டுக்கு நடந்து போய்க் காட்டினாள்.

"நேத்து கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான் அவன். இருந்தாலும் பாவம் என்று அவள் எதிரிலேயே முசியேக்கு அனுப்பினான். பதில் சாயங்காலம் வந்தது. இது பழைய படம், நான்தான் என் கண்ணால் பார்த்தேனே, இனிமேல் யாராவது சொன்னால் நம்புகிற ஆளா நான், என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். நேரில் கூட்டிவரச் சொல்லிக் கேட்டாள். செல்வகுமார் தலையைச் சொறிந்தான். நாளைக்குப் பென்ஷன் ஆபீஸ், மறுநாள் திருவண்ணாமலை, அங்கிருந்து ஒரு கல்யாணம், அப்புறம் பிளேன். அடுத்த ஜனவரிக்குப் பார்க்கலாம் என்றான். அஞ்சலாட்சி சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

தை கடைசி வெள்ளியன்று வளைகாப்பு நடந்தது. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், இரண்டு கை நிறைய வளையல் அடுக்கி, மகளைக் கூட்டிவந்தாள். பேனரைத் திரும்பக் கட்டி, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப்போட்டு, வினோதாவைக் கூடத்திலேயே படுக்கவைத்தாள். வந்தவர்களிடம் அறையில் புழுக்கம் என்று காரணம் சொன்னாள்.

நாலாம் நாள் காலை, வினோதா துண்டு எடுக்க அறைக்குள் போன நேரம், அம்மிக்கல் அளவுக்கு ஒரு பாளம் பேனரைக் கிழித்துக்கொண்டு கட்டிலின் நடுவில் விழுந்தது. அவள் கதவருகில் நின்றதால் தப்பித்தாள். அஞ்சலாட்சி மீன் கழுவிய கையோடு ஓடிவந்து, மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் சாரத்துக்கே போறேம்மா" என்றாள் வினோதா.

"போய் இன்னான்னு சொல்லுவ? அம்மாக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லு. வீடு இடிஞ்சி கெடக்குதுன்னு சொல்லிடாத. ஒங்க அத்த என்னப் பத்தி இன்னா நெனப்பாங்க."

"அத்தைக்குத் தெரியும்மா."

அஞ்சலாட்சி கூட்டுவதை நிறுத்தினாள்.

"இந்தத் தளத்தப் பத்தி எல்லாம் நான் அப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். அன்னிக்கு அவங்க கெளம்பறதுக்குத்தான் எழுந்தாங்களாம். முசியே வந்ததப் பாத்துட்டு உக்காந்தாங்களாம். சம்மந்தின்னு நான் எதிர்ல உக்காந்திருக்கறப்ப கேட்டா அந்தாளால மாட்டேன்னு சொல்ல முடியாது, ஒங்கம்மா கேக்கட்டும்னுதான் இருந்தேன்னாங்க. நீ வாயே தொறக்கலன்னதும் அவங்களே தளம் ஒழுவுதான்னு எடுத்துக் குடுத்தாங்க. நீ இல்லன்னுட்ட."

அஞ்சலாட்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு சரியா சாப்புடலம்மா. ஒங்கம்மா என்னைய யாரோன்னு நெனச்சிட்டாங்கன்னு சொன்னாங்க."

வினோதா போன் செய்ததும் மத்தியானம் தில்லையம்மாள் ஆட்டோவில் வந்தாள். அறைப்பக்கம் திரும்பவே இல்லை. மருமகளின் துணிப்பையை அவளே எடுத்துக்கொண்டாள். பிரசவத்துக்கு நீங்க அங்க வந்து இருங்க சம்மந்தி, மகள் வேற மருமகள் வேற இல்லை என்று, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அஞ்சலாட்சி ஆட்டோ வரைக்கும் கூடவே போனாள். மகளை ஏற்றி உட்காரவைத்தாள், சேலை சக்கரத்தில் படாமல் உள்ளே எடுத்துவிட்டாள். வாய் வரைக்கும் வந்தது.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க சம்மந்தி" என்றாள்.

தில்லையம்மாள் தலையசைத்தாள். ஆட்டோ தெரு திரும்பும்வரை அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றாள்.