ஒன்பது நாள் ஓய்ந்திருந்த கிணறு

மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து முற்பகலில், மயிலாடும்பாறைக்கு அருகே எனக்கிருந்த சிறு தென்னந்தோப்பில் நிகழ்ந்தது இது. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது அல்லிநகரத்தில். மனைவி மறைந்தபின் தோப்புக்குச் செல்வது அருகிப் போனதால், அதை விற்றுவிட முடிவு செய்தேன். எனக்கு வறுமை இல்லை, கடன் இல்லை, காத்திருக்கும் செலவு என்று எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னர் நான் செய்ததற்கு இவற்றுள் ஒன்றையும் காரணமாகக் காட்ட எனக்கு வழியில்லை.

தோப்பில் ஒரு குறை உண்டு. அங்குள்ள ஆழ்துளைக் கிணறு கால் மணி நேரம் நீர் தரும், பிறகு வற்றிவிடும். மீண்டும் ஊறுவதற்கு அரை நாள் வேண்டும். எங்கள் பகுதியில் நிலம் வாங்க வருபவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பார்கள். மோட்டாரை ஓட்டச் சொல்லிவிட்டு, குழாயருகே குத்தவைத்து, ஒரு மணி நேரமாவது நீர் விழுவதைக் கண் எடுக்காமல் கவனிப்பார்கள். அந்தத் தேர்வில் என் கிணறு தேறாது என்பதை நான் அறிவேன். எனக்கு வாய்த்த தரகரும் அறிவார்.

“ஒம்போது நாளைக்கு மோட்டார் பக்கமே போயிராதீக சார். நல்லா ஊறட்டும். பாக்க வாரப்ப அருவி மாதிரி கொட்டும் பாருங்க” என்றார் அவர்.

அது முறையாகுமா என்று கேட்டேன்.

“நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் சார். சும்மா இருந்தாப் போதும்.”

சும்மா இருப்பது எனக்கு எளிதாகவே தோன்றியது. ஒன்பது நாளும் தோப்புப் பக்கம் போகாமல் இருந்தேன்.

வாங்க வந்தவர்கள் கம்பம் பக்கத்துக் கணவனும் மனைவியும். நாற்பது வயதை ஒட்டியவர்கள். பல ஆண்டுகளாக, விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று வந்தவர்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நகைகளை விற்றுத்தான் நிலம் வாங்க வந்திருக்கிறார்கள் என்று தரகர் என் காதில் சொன்னார். கம்பத்தில் நிலத்தின் விலை அவர்களுக்கு எட்டவில்லை. இங்கே எட்டியது.

“இது மட்டும் அமஞ்சிருச்சுன்னா இனிமே ஜீப்புல ஏறவே மாட்டேன்யா. அந்த வளைவுல ஒவ்வொரு தடவ திரும்புறப்பவும் உசுரு கையில இல்ல” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாய் நிறைய நீர் பாய்ந்தது. கணவர் அருகே குத்தவைத்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கடந்ததும், “நேத்து ஓட்டுனீகளாய்யா?” என்று கேட்டார். கேட்கத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. நான் வாய் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார்.

“ஏ மாப்ள, சார் இந்த வயசுல தெனமும் பஸ் ஏறி வந்தா மோட்டார் போடப் போறாக? நல்லாக் கேட்டீக!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, “தண்ணி நிக்காம வருமாய்யா? நீங்க சொன்னாப் போதும்” என்றார்.

“நீங்களே கண்ணால் காண்கிறீர்களே அம்மா. இதில் நான் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?” என்றேன்.

அந்த விடையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாழ்நாள் முழுதும் சொற்களோடு புழங்கியவன் என்பதால், பொய்யே இல்லாத ஒரு வாக்கியத்தால் ஒருவரை ஏமாற்றுவது எனக்கு இயல்பாகவே வந்தது.

ஒரு மணி நேரம் நிறைந்தது. கணவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். முன்பணம் கொடுத்துவிடலாம் என்றார். அதோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் மரங்களின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாத்திகள் வெடித்துக் கிடந்தன.

“அய்யய்யோ, மரமெல்லாம் இப்பிடிக் காஞ்சு கெடக்கே. ஐயா ஒத்தையில என்ன செய்வாக பாவம்” என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகினார். கொட்டகையில் கிடந்த மம்பட்டியை எடுத்து, வாய்க்காலைச் செதுக்கி, ஒவ்வொரு மரத்துக்கும் மடை திருப்பத் தொடங்கினார். அவை இன்னும் அவருடைய மரங்கள் அல்ல. என் மரங்கள். நான் வாடவிட்ட மரங்கள்.

தரகர் என்னருகே நகர்ந்து, “சார், நிப்பாட்டுங்க சார், சீக்கிரம்” என்று கிசுகிசுத்தார். நானும் போனேன். விசையை அணைக்கக் கை நீட்டியும் விட்டேன்.

“இன்னும் கொஞ்ச மரந்தான்யா. ஓடட்டும்” என்று அங்கிருந்து குரல் கொடுத்தார் அந்தப் பெண்.

என் கை இறங்கிவிட்டது. சற்று நேரத்தில் குழாய் காற்றும் நீருமாகத் துப்பிற்று, இருமிற்று, பிறகு நின்றது. அகப்பட்டுவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

நடந்தது வேறு. கணவர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வோல்டேஜ் எறங்கிருச்சு போலய்யா” என்றார்.

“அதேதான் மாப்ள! உச்சி வேளையானா இங்கன வோல்டேஜ் நிக்காது” என்று தரகர் பற்றிக்கொண்டார்.

அந்தப் பெண்ணும் தலையசைத்தார். “போருல கொறையிருந்தா ஐயா சொல்லாமயா இருப்பாக?”

நான் மாட்டிக்கொள்ளவே இல்லை. நான் இன்னும் சற்று நேரம் சும்மா இருந்தால் போதும், தோப்பு கைமாறிவிடும். அவர்கள் வறண்ட கிணற்றை வாங்கிக்கொண்டு, சில மாதங்களில் மீண்டும் அந்த ஜீப்பில் ஏறுவார்கள். அப்போதும் தங்கள் நேரத்தைத்தான் நொந்துகொள்வார்கள், என்னை அல்ல.

“மின்சாரத்தில் குறையில்லை. இந்தக் கிணறு கால் மணி நேரத்துக்கு மேல் நீர் தராது. நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒன்பது நாள் ஓட்டாமல் வைத்திருந்தேன்” என்றேன்.

கணவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நீங்களுமாய்யா?” என்றார், அவ்வளவுதான். முன்பணம் வைத்திருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வண்டியை நோக்கி நடந்தார்.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். “பாடம் நடத்த வேற எடம் கெடைக்கலையா சார் ஒங்களுக்கு? ஒங்களுக்குத் தரகு பாக்க வந்த என்னையச் சொல்லணும்!”

அந்தப் பெண் மம்பட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவ நீரில்லாமல், மட்டையால் வழித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். போகிற போக்கில், என் முகத்தைப் பாராமல், “அந்தக் கடைசி வரிசைக்குத் தண்ணி போகலய்யா. சாயங்காலம் ஊறுனா அதுக்கு மொதல்ல விடுங்க” என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

அன்று மாலை வரை அங்கேயே இருந்து, அவர் சொன்னபடியே நீர் பாய்ச்சிவிட்டு வீடு திரும்பினேன். மறு ஆண்டு, கிணற்றின் நிலையை நன்கறிந்த பக்கத்துத் தோட்டக்காரர், அதற்கேற்ற விலைக்குத் தோப்பை வாங்கிக்கொண்டார். அந்தக் கணவன் மனைவிக்கு வேறெங்கேனும் நிலம் அமைந்ததா என்பது எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்காக நான் பெருமை கொள்ளவும் இயலாது. ஒன்பது நாள் திட்டமிட்டவன் நான், ஏமாற்ற ஒரு நொடி மட்டுமே தயங்கியவனும் நான். அவர்களே எனக்காகக் கண்டுபிடித்துத் தந்த அந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொண்டிருந்தால், இன்றுவரை என்னை ஒருவரும் வஞ்சகன் என்று சொல்லியிருக்க மாட்டார் என்பதே என்னை இன்னும் அச்சுறுத்துகிறது.